கிருமியே வளராத வார்டு

என் தம்பிக்கு இரண்டு காதும் இன்றைக்கு ஒழுங்காகக் கேட்கிறது என்றால் அதற்குக் காரணம், எங்கள் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற ஒரு மனிதர். அவர் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, பாட்டிலில் இரத்தத்தை இறக்கிக்கொண்டு போகிறவர். அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அவர் மீது ஒன்றரைப் பக்கத்துக்குப் புகார் எழுதியவள் நான். அதனால் இதை எழுதுகிற கடமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

நான் ஆண்கள் பொது மருத்துவ வார்டின் தலைமை நர்ஸ். முப்பத்திரண்டு கட்டில், பதினோரு வருஷம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று சொல்வார்கள். தப்பு. கோபம் எப்போதும் இருக்கிறது, அவ்வப்போது வெளியே வருகிறது, அவ்வளவுதான். படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் கோபம். மருந்துத் தாளில் கையெழுத்து விட்டுப்போனால் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஆள் என் வார்டுக்குள் வந்து சும்மா நின்றால் பயங்கரக் கோபம்.

இவர் நிற்பார். அதுதான் பிரச்சினை.

ஐம்பதை நெருங்குகிற வயது. ஒல்லியான உடம்பு. கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும்படி கட்டியிருப்பார். நோயாளியின் கையை ஸ்பிரிட்டால் துடைப்பார். துடைத்தவுடன் குத்திவிட்டுப் போகவேண்டியதுதானே? போகமாட்டார். ஊசியைக் கையில் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்னவென்று கேட்டால், “ஒரு நிமிஷம் சிஸ்டர், காயட்டும்” என்பார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ‘ஒருநிமிஷக்காரர்’ என்றே பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். ஒரு தடவை நான் கத்தியபோது அவராகவே சொன்னார்.

“முதல் கோட்டு பெயிண்ட் காயறதுக்குள்ள ரெண்டாவது கோட்டு அடிச்சா எழுத்து வழிஞ்சிடும் சிஸ்டர். இதுவும் அப்படித்தான். ஈரத்தோட குத்தினா தோல்ல இருக்கிற கிருமியும் சேர்ந்து பாட்டிலுக்குள்ள போயிடும். அப்புறம் உள்ள வளர்றது எதுன்னு யாருக்குத் தெரியும்?”

“இங்க என்ன போர்டா எழுதுறோம்?” என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். ஒருநிமிஷக்காரர் சிரிக்கவில்லை. நிமிஷம் முடிந்ததும் குத்தினார். நோயாளி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் எனக்கு அப்போதே மனசுக்குள் ஒரு மரியாதை இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் வார்டில் வேலை நடந்த விதத்தையும் சொல்லவேண்டும். காய்ச்சலோடு ஒருவர் வந்து படுத்தால், டாக்டர் இரண்டு விஷயம் எழுதுவார். ஒன்று, ‘இரத்தம் கல்ச்சர்’. அதாவது இரத்தத்தைப் பாட்டிலில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் என்ன கிருமி வளர்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பது. இரண்டு, ஆன்டிபயாடிக் ஊசி. ஊசி என் கையில் இருக்கிறது, ஐந்தே நிமிஷத்தில் போட்டுவிடுவோம். அந்த வேகத்துக்காக எங்களைப் பாராட்டுவார்கள். கல்ச்சர் சீட்டு மேஜையில் ஒரு தட்டில் கிடக்கும். ஒருநிமிஷக்காரர் காலை ஆறுக்கு ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று வருவார். வரும்போது சீட்டைப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார். இது சரியில்லை என்று பதினோரு வருஷத்தில் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

தோன்றாதது மட்டுமில்லை. ஆய்வகத்திலிருந்து எங்கள் வார்டுக்கு வருகிற தாள்களில் பெரும்பாலும் ‘வளர்ச்சி இல்லை’ என்றுதான் இருக்கும். கிருமி இல்லை என்றால் வார்டு சுத்தம் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் எங்கள் கண்காணிப்பாளரும் நினைத்தார். ‘வளர்ச்சி இல்லை’ அதிகம் வாங்குகிற வார்டுக்கு வருஷா வருஷம் ஒரு கேடயம் ஏற்பாடு செய்தார். மூன்று வருஷம் தொடர்ந்து எங்களுக்குத்தான். அதை என் மேஜைக்கு நேர் எதிரே மாட்டி, தினமும் நானே துடைப்பேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஐந்து புதுக் காய்ச்சல்காரர்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார். இவர் மூன்றாவது கட்டிலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். “இன்னும் முடியலையா?” என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார், எல்லோர் முன்னிலையிலும். அன்று மதியமே உட்கார்ந்து எழுதினேன். ‘வேண்டுமென்றே தாமதம் செய்கிறார், வார்டு வேலைக்கு இடைஞ்சல்.’ ஒரே வாரத்தில் அவரை மூன்று மாதத்துக்கு ஆய்வகத்துக்குள் தள்ளினார்கள். பாட்டில்களை இயந்திரத்துக்குள் அடுக்கி, பதிவேட்டில் எண் எழுதுகிற வேலை. அவருக்குப் பதிலாக வந்தவர் துடைத்த ஈரத்தோடு குத்திவிட்டு ஓடுவார். எனக்குப் பரம திருப்தி.

அந்த இயந்திரத்துக்குள் ஏதாவது ஒரு பாட்டிலில் கிருமி வளர ஆரம்பித்தால் அதற்கு நேரே ஒரு விளக்கு எரியும். இவர் அதற்கு முன்னால் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தார். அவசரப் பிரிவிலிருந்து வந்த பாட்டில்களுக்கு விளக்கு எரிகிறது. எங்கள் வார்டுப் பாட்டில்களுக்கு எரிவதே அபூர்வம். வேறு யாராக இருந்தாலும் ‘கேடயம் வாங்கின வார்டு ஆச்சே’ என்று விட்டிருப்பார்கள். இவர் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக் கோடு போட்டார். பாட்டில் எண், வார்டு, இரத்தம் எடுத்த நேரம், முதல் ஊசி போட்ட நேரம்.

கடைசி விவரத்துக்கு என்னிடம் வரவேண்டியிருந்தது. முதல் தடவை துரத்திவிட்டேன். இரண்டாம் தடவை, “உங்க வேலைய மட்டும் பாருங்க” என்றேன். மூன்றாம் தடவை மேஜை ஓரத்தில் வந்து நின்றார். அவர் நிற்பதை என்னால் தாங்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆள் போனால் போதும் என்று பழைய மருந்துத் தாள் கட்டையே தூக்கிக் கொடுத்தேன்.

அந்த நோட்டில் ஒரு மாதக் கணக்கில் என்ன இருந்தது என்று பிறகு பார்த்தேன். எங்கள் வார்டிலிருந்து போனவை நாற்பத்து நான்கு பாட்டில். அதில் நாற்பத்தொன்றில், இரத்தம் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டது. கிருமி வளர்ந்தது ஒன்றே ஒன்றில். அவசரப் பிரிவில் முப்பத்தெட்டு பாட்டில், வளர்ந்தது ஏழில். அங்கே இருந்த டாக்டர் பெண் குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்தும்போதே கல்ச்சருக்கும் இரத்தம் எடுத்துவிடுவாள். அதன் பிறகுதான் மருந்து.

அந்த வருஷம்தான் எங்களுக்கு ஒரு தொற்றுநோய் டாக்டரம்மா வந்திருந்தார். ‘காய்ச்சல் டாக்டர்’ என்போம். கண்ட காய்ச்சலுக்கெல்லாம் பெரிய பெரிய ஆன்டிபயாடிக் போடுவதைக் குறைக்கவேண்டும், இல்லையென்றால் நாளைக்கு எந்த மருந்துக்கும் கிருமி அடங்காது என்று ஒரு கமிட்டி அமைத்தார். மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாள் ஒவ்வொரு கட்டிலாக வந்து, “இந்த மருந்து இன்னும் வேணுமா? சின்ன மருந்துக்கு மாத்தலாமா?” என்று கேட்பார். எங்கள் டாக்டர்கள் ஒரே பதில் வைத்திருந்தார்கள். “எந்தக் கிருமின்னு தெரியாம எதை மேடம் குறைக்கிறது? ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையே.” பாவம், அந்த அம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்வார். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட உண்டு, பொய் சொல்வானேன்.

ஒருநிமிஷக்காரரின் நோட்டு அந்த அம்மா கைக்குப் போனதும் கூட்டம் கூட்டினார். என்னையும் கூப்பிட்டார்கள். ஒருநிமிஷக்காரர் கதவோரம் நின்றிருந்தார், உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“உங்க வார்டு சுத்தமில்லைன்னு நான் சொல்லல சிஸ்டர்,” என்றார் காய்ச்சல் டாக்டர். “கிருமிக்கு முதல்ல அடி குடுத்துட்டு அப்புறம் போய் ஆளைத் தேடுறோம். அது அடிவாங்கி எங்கேயோ சுருண்டு கிடக்கு. பாட்டில்ல எப்படி வளரும்?”

கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்தார். என் மூன்று வருஷக் கேடயம் அந்த ஒரு பேச்சில் தகரமாகிவிட்டது. முகம் சுட்டது. இருந்தாலும் விடவில்லை. “ஊசி போடுறதா, இவருக்காகக் காத்துக்கிட்டிருக்கிறதா? நோயாளி சாகட்டுமா?” என்றேன்.

“அது நியாயமான கேள்விதான்,” என்று டாக்டரம்மா கதவுப் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க” என்றார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மருந்துக் கடையிலேர்ந்து முதல் ஊசி வரும்போது கல்ச்சர் பாட்டிலையும் அதே பையில போட்டுக் குடுங்க மேடம். ரெண்டும் ஒண்ணா வந்தா மறக்காது. பாட்டில் ஸ்டிக்கரைக் கிழிச்சு மருந்துத் தாள்ல ஒட்டின பிறகுதான் ஊசின்னு வெச்சுக்கலாம். எனக்கு ஒரு போன் குடுங்க, எங்க இருந்தாலும் பத்து நிமிஷத்துல வந்துடறேன். ரொம்ப முடியாத ஆளுன்னா என்னைக்கூட எதிர்பார்க்க வேணாம். சிஸ்டரே எடுத்துடட்டும்.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அதுதான் ஏற்பாடாக வந்தது, அவரும் ஆய்வகத்திலிருந்து வார்டுகளுக்கே திரும்பினார். ‘முதலில் இரத்தம், பிறகு ஊசி’ என்று எழுதி வார்டில் ஒட்டச் சொன்னார்கள். ஆணை வந்தது என் பேருக்கு. எரிச்சலோடுதான் ஒட்டினேன், ஆனால் நான் ஒட்டிய ஒன்றை யாராவது மீறினால் சும்மா விடுவேனா? இரண்டு மாதத்தில் என் நர்ஸ் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஸ்டிக்கர்தான் நினைவுக்கு வரும் என்றாகிவிட்டது. விளக்குகள் எரிய ஆரம்பித்தன. கிருமி இன்னது என்று தெரிந்ததால் பெரிய மருந்துகள் மூன்றாம் நாளே சின்ன மருந்தாகின. ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தாலும் அதை நம்பி மருந்தை நிறுத்த முடிந்தது. கேடயத்தை நானே கழற்றிக் கண்காணிப்பாளர் அறையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அதை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தார்.

இப்படி ஆறு மாதம் போன பிறகுதான் என் தம்பி வந்தான்.

தம்பி வண்டி மெக்கானிக். மற்ற மெக்கானிக்குகள் வண்டியைப் பிரித்துப் பார்த்துச் சொல்வதை இவன் பிரிக்காமல் சொல்வான். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். “மூணாவது வால்வு,” என்பான். மூன்றாவது வால்வாகத்தான் இருக்கும். படிப்பு ஏறாத பயல், அந்தக் காதுதான் அவனுக்குச் சோறு போட்டது. அவன் மனைவியையும் இரண்டு பெண்களையும் காப்பாற்றுவதும் அந்தக் காதுதான்.

பல் பிடுங்கிக்கொண்டு வந்தவனுக்கு இரண்டு வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல். நல்லவேளை, சோம்பேறி, கடையில் போய் ஒரு மாத்திரைகூட வாங்கிப் போடவில்லை. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அவன் மனைவி ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தாள். கண் திறக்கவில்லை. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. காய்ச்சல் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, இதய வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கும் போலிருக்கிறது என்றார். உடனே ஆரம்பிக்க இரண்டு பெரிய ஊசி எழுதினார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஒளிச்சு வெக்காம சொல்லிடறேன் சிஸ்டர். இதுல ஒண்ணு காதை பாதிக்கலாம். போன காது திரும்பாது. கிருமி எதுன்னு தெரிஞ்சா சீக்கிரம் நிறுத்திடலாம். தெரியலைன்னா வாரக்கணக்கா போட்டே ஆகணும், உயிர்தான் முக்கியம்.”

எனக்கு அதில் பாதிதான் மண்டையில் ஏறியது. பை வந்துவிட்டது. உள்ளே மருந்தும் பாட்டில்களும் இருந்தன. “மருந்தைக் கலக்கு,” என்றேன் இளைய நர்ஸிடம். கலக்கினாள். “போடு” என்றேன். போடவில்லை.

“ஸ்டிக்கர் ஒட்டல சிஸ்டர்.”

“என் தம்பிடி அவன்.”

“தெரியும் சிஸ்டர். ஸ்டிக்கர் ஒட்டலைன்னா கைய ஒடிச்சிடுவேன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க,” என்றாள். சிரிஞ்சை மட்டும் கொடுக்கவில்லை. அதற்குள் ஒருநிமிஷக்காரர் வந்துவிட்டார், ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. இந்த நோய்க்கு மூன்று இடத்திலிருந்து மூன்று தடவை எடுக்கவேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் துடைத்துக் காயவைத்து, இரண்டிரண்டு பாட்டில். என்னை வெளியே நிறுத்திவிட்டுத் திரையை இழுத்தார்கள்.

நான் அன்று பேசியதை எழுத முடியாது. திரைக்கு வெளியே நின்று, முப்பத்திரண்டு கட்டிலும் கேட்க, அந்த மனிதரை என்னவெல்லாமோ சொன்னேன். ஈவு இரக்கம் இல்லாதவர் என்றேன். பலகை எழுதவே போயிருக்கலாம் என்றேன். உள்ளேயிருந்து ஒரு பதிலும் வரவில்லை. மொத்தம் பதினெட்டு நிமிஷம். திரையை விலக்கி வெளியே வந்தவர், “ஆச்சு சிஸ்டர், இப்ப போடுங்க” என்று சொல்லிவிட்டு, பாட்டில்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தார்.

மறுநாள் மதியம் ஆறு பாட்டிலுக்கும் விளக்கு எரிந்துவிட்டது என்று போன் வந்தது. ஒரு கிருமி வளர்ந்ததற்காக என் வாழ்நாளில் நான் அழுதது அன்றைக்குத்தான். ஆனால் எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய இன்னும் ஒரு நாள் ஆகும். மூன்றாம் நாள் காலை தம்பி கண்ணைத் திறந்து, “அக்கா, காதுல வண்டு பூந்த மாதிரி ஒரே ரீங்காரம்” என்றான். காய்ச்சல் டாக்டரைத் தேடி மாடிப்படி இறங்குகிறேன், அவர் எதிரே தாளோடு ஏறி வருகிறார்.

“பழைய பென்சிலினுக்கே அடங்குது,” என்றார். “பெரிய ஊசி ரெண்டையும் இப்பவே நிறுத்துங்க.”

நான்கு வாரம் அந்தப் பழைய மருந்து மட்டும். காய்ச்சல் போயிற்று, ரீங்காரம் மெல்ல மெல்லக் குறைந்தது. காது சோதிக்கும் கண்ணாடி அறையில் அவனை உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே நின்று அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அமுங்கிக்கொண்டே இருந்தது. சோதித்த பெண், ரொம்பக் கீச்சென்ற சத்தத்தில் மட்டும் ஒரு இம்மி குறை, மற்றபடி பழுதில்லை என்றாள்.

வீட்டுக்குப் போகிற நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு கீழ் வராந்தாவில் நடந்தேன். வெளிநோயாளிகளுக்கு இரத்தம் எடுக்கிற அறையின் திரைக்குப் பின்னால் யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். தம்பி நின்றுவிட்டான்.

“அக்கா, இந்தக் குரல் எனக்குத் தெரியும்.”

“உனக்கு ரத்தம் எடுத்தவர்டா.”

“முகம் தெரியாது. அன்னைக்குக் கண்ணே திறக்க முடியல. என் காதுக்கிட்ட குனிஞ்சு பேசினாரு.” கொஞ்சம் தயங்கிச் சிரித்தான். “‘வெளிய சத்தம் போடுறாங்களே, அது உங்க அக்கா. பயத்துல கத்துறாங்க தம்பி, கோபத்துல இல்ல. உங்கமேல உசிரு. நீங்க தைரியமா படுத்துக்கோங்க’ன்னாரு. மூணு தடவையும் இதையேதான் சொன்னாரு.”

எனக்கு அங்கேயே நிற்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள் யாரும் என் கோபத்தைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. எனக்கே அது தெரியாது. அந்த மனிதரை நான் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவர் உள்ளே எனக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு பாட்டிலில் எண் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “என்ன சிஸ்டர், அவசரமா?” என்று பேனாவை மூடினார். புகார், கேடயம், காது எல்லாவற்றுக்கும் சேர்த்து நிறையச் சொல்ல நினைத்துத்தான் போனேன். ரொம்ப நன்றி என்ற இரண்டு வார்த்தைதான் வந்தது, அதுவும் காற்றாக.

“கேக்கல சிஸ்டர்,” என்றார் அவர்.

“எனக்குக் கேட்டுச்சுக்கா,” என்றான் தம்பி, திரைக்கு வெளியிலிருந்து.

அவருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன்.